ஆற்றங்கரையில் நிகழ்தகவு

காவிரிக் கரையில் நீரைப் பற்றிய பேச்சில் இரண்டு உறுதிகள் நெடுங்காலமாகச் செல்வாக்குப் பெற்று வந்துள்ளன. குறித்த நாளில் தண்ணீர் வந்தே தீரும் என்பது ஒன்று. அணைகள் எழுந்துவிட்டபடியால் பழைய பெருவெள்ளம் இனி வராது என்பது மற்றொன்று. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓடிக் கல்லணைக்கு அருகில் மீண்டும் நெருங்கி வருவதற்குள் அணைத்துக்கொள்ளும் ஸ்ரீரங்கத் தீவில், இவ்விரண்டு உறுதிகளும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே மனிதரிடத்தில் கூடி வாழ்ந்தன. அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சிந்தனை முறை உண்டு. ஒரு நிகழ்ச்சி நடக்கும் அல்லது நடக்காது என்று முடிவாகச் சொல்லாமல், அது நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதைச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறிக்கும் அம்முறைக்கு நிகழ்தகவு என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து திருச்சியில் கல்வி பெற்ற இக்கட்டுரையாளரின் நினைவில், அந்தச் சிந்தனை பாடநூலின் வழியாக வந்ததைக் காட்டிலும் ஆற்றின் வழியாக வந்ததே மிகுதி.

1970களில் சித்திரை முதல் நாளன்று கோயில்களிலும் வீடுகளிலும் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பது ஊர் வழக்கமாக இருந்தது. பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து, அவ்வாண்டின் திதிகளையும் கிரகணங்களையும் வாசித்த அதே குரலில், அவ்வாண்டு பெய்யக்கூடிய மழையின் அளவையும் மரக்கால் கணக்கில் வாசிப்பார். கேட்போரும் இரண்டையும் ஒரே மரியாதையோடு ஏற்றுக்கொள்வர். ஆனால் இவ்விரண்டும் ஒரே வகையான அறிவு அல்ல. சந்திரனும் சூரியனும் செல்லும் கதி ஒழுங்கானது என்பதால், கிரகணம் தொடங்கும் நேரத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிட முடியும். அங்கு ஐயத்துக்கு மிகச் சிறிய இடமே உண்டு. மழையோ, கடலின் வெப்பம், காற்றின் போக்கு, மேகத்தின் ஈரம் எனப் பலவும் ஒன்றையொன்று பாதித்துத் தோற்றுவிக்கும் விளைவு ஆதலால், அதன் அளவை ஓராண்டுக்கு முன்னதாக ஒற்றை எண்ணாகச் சொல்வதற்கு எந்தக் கணக்கும் இடம் தருவதில்லை. இரண்டும் ஒரே நூலில் அருகருகே அச்சிடப்பட்டமையால், ஒன்றுக்குரிய உறுதி மற்றதற்கும் உரியது என்ற எண்ணம் இயல்பாகவே வளர்ந்தது.

இதையொத்த உறுதி ஜூன் 12ஆம் நாளைச் சுற்றியும் இருந்தது. 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது டி.எம்.சி., கொள்ளளவும் உடையது. குறுவைச் சாகுபடிக்காக அதைத் திறப்பதற்கு மரபாகக் குறிக்கப்பட்ட நாளே ஜூன் 12. லால்குடிப் பக்கம் நிலம் வைத்திருந்த பாட்டனார் அந்த நாளை ஒரு பண்டிகைத் தேதியைப் போலவே குறிப்பிடுவார். அணையின் வரலாற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் நீர் திறப்பு அந்நாளைத் தாண்டியே நடந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் திறந்த ஆண்டுகளே அவர் நினைவில் முன்னே நின்றன. அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுதவரின் போக்கு வேறாக இருந்தது. அவர் பாட்டனாரிடம் ஒருமுறை, "தண்ணி வரும்னுதான் நம்புறோம் ஐயா, அதுக்காக நாத்து முழுசையும் ஒரே நாள்ல விட்டுட முடியுங்களா?" என்று கேட்டது இக்கட்டுரையாளரின் நினைவில் நிலைத்துவிட்டது. விதையில் ஒரு பகுதியை முதலில் நாற்றங்காலில் விட்டு, மற்றதை நீர் வரத்தைப் பார்த்துப் பின்னர் விடுவதே அவரது வழக்கம். நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடையே அவர் வைத்திருந்த அந்த இடைவெளியே, எண்கள் இல்லாமல் செய்யப்பட்ட நிகழ்தகவுக் கணக்கு.

எண்களோடு கூடிய கணக்கு அதே வீட்டில் வைகுண்ட ஏகாதசி இரவுகளில் நடந்தது. கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுவது ஊர் முழுவதும் உள்ள வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு முகங்கள் கொண்ட இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டி, கூட்டுத்தொகை ஒன்றாக வந்தால் தாயம் என்பர். இரு கட்டைகளும் சேர்ந்து விழக்கூடிய வகைகள் மொத்தம் 16. அவற்றுள் தாயம் தருபவை, ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழும் 2 வகைகளே. ஆகவே ஓர் உருட்டலில் தாயம் விழும் நிகழ்தகவு எட்டில் ஒன்று. தொடர்ந்து பலமுறை தாயம் விழாதபோது, அடுத்ததில் விழுந்தே ஆகவேண்டும் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். எட்டு உருட்டல்களிலும் தாயம் விழாமலேயே போவதற்கான நிகழ்தகவு, எட்டில் ஏழு என்ற பின்னத்தை எட்டு முறை தன்னோடு பெருக்கக் கிடைப்பதாகும். அது ஏறத்தாழ 0.34, அதாவது மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒன்பதாவது உருட்டலில் தாயம் விழும் வாய்ப்போ அப்போதும் எட்டில் ஒன்றே. ஏனெனில் கட்டைக்கு முந்தைய உருட்டல்கள் தெரியாது. ஒரு நிகழ்ச்சியின் முடிவு அடுத்ததன் வாய்ப்பை மாற்றாதபோது அவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்று புள்ளியியல் கூறும்.

ஆறு தாயக்கட்டை அல்ல என்பதைப் பின்னாளில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பித்த ஆசிரியரே தெளிவாக்கினார். மாணவர்கள் எதைச் சொன்னாலும், "வரும், வராது இரண்டும் வேண்டாம், எத்தனைக்கு எத்தனை என்று சொல்லுங்கள்" என்பது அவரது வழக்கமான மறுமொழி. அவர் கரும்பலகையில் எழுதிய கேள்வி, ஜூன் 12இல் அணை திறக்கப்படுமா என்பதன்று. ஜூன் முதல் நாளில் அணையின் நீர்மட்டம் இவ்வளவு என்று தெரிந்த பிறகு, 12ஆம் நாள் திறக்கப்படுவதற்கான வாய்ப்பு என்ன என்பதே. ஒரு செய்தி தெரிந்தபின் மற்றொன்றுக்கு மாறும் வாய்ப்பு நிபந்தனை நிகழ்தகவு எனப்படும்; புதிய சான்று கிடைக்கும்போது பழைய மதிப்பீட்டைத் திருத்தும் விதி, இங்கிலாந்தில் தாமஸ் பேயஸ் என்னும் சமயகுரு மறைந்தபின் 1763இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்தது. நீர்மட்டம் 90 அடிக்கு மேல் இருந்தால் குறித்த நாளில் திறப்பார்கள் என்று டெல்டா உழவர்கள் பேசிக்கொள்வது இவ்விதியின் நடைமுறை வடிவமே. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. 2020இல் அந்நாளில் திறக்கப்பட்டது. எட்டு முறை தவறியதால் ஒன்பதாவது முறை வந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. முந்தைய ஆண்டின் நீர் தேங்கி நின்றதால், அவ்வாண்டு ஜூனில் அணையில் 100 அடிக்கு மேல் நீர் இருந்தது. அணைக்கு நினைவு உண்டு, அந்த நினைவை ஒவ்வொரு நாளும் அடிக்கணக்கில் படிக்கவும் முடியும்.

இரண்டாவது உறுதி, அதாவது பெருவெள்ளம் இனி வராது என்ற எண்ணம், 1977 நவம்பரில் உடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை நேரில் கண்ட முதியவர்கள் அப்போதும் தெருவில் இருந்தார்கள். மேட்டூர் எழுந்தபின் அந்த அளவு நீர் ஊரைத் தொடாது என்பதே அவர்களது முடிவு. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த புயல், உள்மாவட்டங்களின் மீது மேற்கு நோக்கி நகர்ந்து பெருமழையைக் கொட்டியது. மேட்டூருக்குக் கீழேதான் பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை காவிரியில் கலக்கின்றன. திருச்சி நகரை ஒட்டியே கோரையாறும் குடமுருட்டியும் ஓடுகின்றன. இவற்றின் மீது பெய்யும் மழைக்கு மேட்டூரின் மதகுகள் தடையாவதில்லை. நகரின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் புகுந்த அந்நாள்களில், ஸ்ரீரங்கத்து வீடுகளில் நெல் மூட்டைகளையும் பத்திரப் பெட்டிகளையும் பரணுக்கு ஏற்றிய பதற்றத்தையும், பாலத்துக்கு அப்பால் இருந்த உறவினரைப் பற்றிச் செய்தி வராமல் பெண்கள் வாசலிலேயே நின்றதையும் இக்கட்டுரையாளர் மறந்ததில்லை.

அவ்வெள்ளத்துக்குப் பொருத்தமான விளக்கம் ஒன்றைத் தமிழகத்திலிருந்து சென்ற கணித அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சியில் பின்னாளில் காண முடிந்தது. சென்னையில் 1940இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற எஸ். ஆர். எஸ். வரதன், பெருவிலகல் கோட்பாட்டுக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். வழக்கமான நிலையிலிருந்து வெகுதூரம் விலகும் அரிய நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை அளப்பதே அக்கோட்பாட்டின் பணி. அது தரும் பாடங்களுள் ஒன்று, அரிய நிகழ்ச்சி நடந்தே விடுமானால், அதற்குத் திறந்திருக்கும் வழிகளுள் மிகக் குறைந்த அருமையுடைய வழியிலேயே பெரும்பாலும் நடக்கும் என்பதாகும். பெரும் அணை ஒன்று காவல் நிற்கும் ஆற்றில் வெள்ளம் வருவதாயின், அது காவலில்லாத கிளையாறுகளின் வழியாகவும் உள்ளூர் ஓடைகளின் வழியாகவும் வருவதற்கே வாய்ப்பு மிகுதி. கணிதத்தின் இம்முடிவை வெள்ளத்துக்கு அப்படியே பொருத்திக் கணக்கிட வேண்டுமெனில் மேலும் பல தரவுகள் தேவை. ஆனால் எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது.

வெள்ளத்தைப் பற்றிய பேச்சில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நூறாண்டு வெள்ளம் என்ற வழக்காகும். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வருவது என்றோ, ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறாண்டுக்குக் கவலையில்லை என்றோ பலரும் கொள்கிறார்கள். பொறியாளர்கள் அதனால் குறிப்பது, எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புடைய வெள்ளத்தையே. அத்தகைய வெள்ளம் 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் வருவதற்கான நிகழ்தகவை அறிய, அது வராமல் இருப்பதற்கான 0.99 என்னும் எண்ணை முப்பது முறை தன்னோடு பெருக்கி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.26. எழுபது ஆண்டுகளுக்கு அதே கணக்கைச் செய்தால் 0.5க்குச் சற்று மேல் வருகிறது. அதாவது ஆற்றங்கரையில் பிறந்து எழுபது வயது வரை அங்கேயே வாழும் ஒருவர், நூறாண்டு வெள்ளத்தைத் தம் வாழ்நாளில் காண்பதற்கும் காணாமல் போவதற்கும் ஏறத்தாழச் சம வாய்ப்பே உள்ளது. இதைத் தெருவில் சொன்னபோது நம்ப மறுத்தவர்களும், பெருக்கிக் காட்டியபின் தங்கள் வீட்டின் வாசற்படி உயரத்தைப் பற்றி வேறு விதமாகப் பேசத் தொடங்கினார்கள்.

வெள்ளத்தை எண்களால் விசாரிக்கும் வழக்கத்தை இந்தியாவில் ஊன்றியவர்களுள் முதன்மையானவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1922இல் வடவங்கத்தில் வந்த வெள்ளத்தையும் 1926இல் ஒடிசாவில் வந்த வெள்ளத்தையும் அவர் ஆராய்ந்தார். ஒடிசாவில் ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் முடிவு கூறியிருந்தனர். பல்லாண்டு மழை அளவுகளையும் நீர்மட்டங்களையும் ஒப்பிட்ட மகலனோபிஸ், படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றும், மேல் நீர்ப்பிடிப்பில் பெய்த மிகைமழையே காரணம் என்றும் காட்டினார். அவரே 1954இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சமணரின் சியாத்வாதத்துக்கும் புள்ளியியல் சிந்தனைக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தார். எந்தக் கூற்றும் ஒரு நோக்கில், ஒரு நிபந்தனைக்கு உட்பட்டே உண்மையாகும் என்று ஏழு வகையாகப் பகுத்துக் கூறும் அளவை நெறியே சியாத்வாதம். திருச்சி மலைக்கோட்டையின் குகைத்தளத்திலும் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலிலும் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. நிபந்தனையோடு பேசும் பழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று என்பதற்கு அவை சான்றாக நிற்கின்றன.

மழையை முன்னறிவிப்பதன் வரலாறும் இதே திசையில் நகர்ந்துள்ளது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித வல்லுநர். 1913இல் இராமானுஜனின் ஏடுகளைக் கண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர். உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தத்துக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது ஒன்று கூடும்போது மற்றது எந்த அளவுக்குச் சேர்ந்து கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை, அவர் ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டார். ஒட்டுறவு ஒருபோதும் முழுமையாக இருந்ததில்லை. அதனால் முன்னறிவிப்பும் முழு உறுதியாக இருக்க முடியாது என்பது அப்போதே தெளிவாயிற்று. 2002இல் பருவமழை இயல்பாக இருக்கும் என்று அறிவிக்கப்பட்டு, நாடு முழுவதும் 19 விழுக்காடு குறைந்தபின், முறைகள் திருத்தப்பட்டன. இன்று இயல்புக்குக் குறைவு, இயல்பு, இயல்புக்கு மிகை என ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதையும் வானிலைத் துறை வெளியிடுகிறது. இத்தகைய அறிவிப்பை ஒரு நாளை வைத்து மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்பளிக்க முடியாது. 70 விழுக்காடு மழை என்று பத்து நாள்களுக்குச் சொன்னால், அவற்றுள் ஏழு நாள்களை ஒட்டி மழை பெய்திருக்க வேண்டும். நெடுங்கணக்கில் அவ்வாறு பொருந்தி வருவதே நல்ல முன்னறிவிப்பின் அடையாளம்.

நிகழ்தகவுக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. அது கடந்த காலமும் வருங்காலமும் ஒரே இயல்புடையவை என்னும் அனுமானத்தின் மீது நிற்கிறது. 2017இல் மேட்டூர் அக்டோபர் 2ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் ஆறு மணலாய்க் கிடக்க, பெண்கள் ஆழ்குழாய் நீரைக் கொண்டே வழிபாட்டை முடித்தனர். மறு ஆண்டு ஆகஸ்டில் அதே ஊருக்கு வடக்கே கொள்ளிடத்தில் பெருநீர் ஓடியது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து காவிரிக்கு நீர் குறைந்ததால், அதைச் சரிசெய்ய ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் எழுப்பிய மேலணையில், கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளுள் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு இடிந்து விழுந்தன. அதே மாதத்தில், 1928ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மேலே அணைகள் பெருகியதும், படுகையில் மணல் குறைந்ததும், கட்டுமானங்கள் முதுமை அடைந்ததும், மழையின் போக்கே மாறி வருவதும் பழைய பதிவுகளின் தகுதியைக் குறைக்கின்றன. ஆகவே எண்ணைச் சொல்வதோடு, அந்த எண் எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது இம்முறையின் ஒழுக்கமாகும்.

வாய்ப்பை அறிவது முதற்படி. அதைக் கொண்டு முடிவெடுப்பது அடுத்தது. கொள்ளிடக் கரையில் ஒரு குடும்பம் தன் விதைநெல்லை மேட்டுக்கு மாற்ற 2,000 ரூபாய் செலவாகும் என்றும், மாற்றாமல் வெள்ளம் வந்தால் 40,000 ரூபாய் இழப்பு என்றும் கொண்டால், செலவு இழப்பில் இருபதில் ஒரு பங்கு. வெள்ளத்துக்கான வாய்ப்பு இருபதில் ஒன்றைத் தாண்டிய உடனேயே மாற்றிவிடுவது அறிவுடைமை. வெள்ளம் வரும் என்ற உறுதிக்காகக் காத்திருப்பவர் காலம் கடந்தே செயல்படுவார். பத்து விழுக்காடு வாய்ப்பு என்ற அறிவிப்பைக் கேட்டு நெல்லை மாற்றிய பின் வெள்ளம் வராமற்போனால், அந்த அறிவிப்புப் பொய்யாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் பேசுவது வழக்கம். அப்பேச்சே அடுத்த முறை மக்களை அசையாமல் இருக்கச் செய்கிறது. எடுத்த முடிவின் தரத்தை, அதை எடுத்தபோது கையில் இருந்த செய்திகளைக் கொண்டு அளக்க வேண்டுமே அன்றி, பின்னர் நேர்ந்ததைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது.

இதில் அறம் சார்ந்த செய்தியும் அடங்கியுள்ளது. உறுதியாகப் பேசுபவர் பெரும்பாலும் மேட்டில் இருக்கிறார். அவ்வுறுதி தவறினால் இழப்பது ஆற்றங்கரைக் குடிசையில் வாழ்பவரும், கடன் வாங்கி நாற்று விட்டவரும் ஆவர். எத்தனைக்கு எத்தனை என்று சொல்வதை அறியாமையின் ஒப்புதலாகக் கருதும் பழக்கம் மாற வேண்டும். இழப்பவருக்குத் தாமே கணக்கிட்டு முடிவெடுக்கும் உரிமையை அதுவே தருகிறது. கரையோரப் பள்ளிகளில் நிகழ்தகவைத் தாயக்கட்டையோடு நிறுத்தாமல், மேட்டூரின் திறப்புத் தேதிகளையும் முக்கொம்பின் நீரளவுகளையும் வைத்துக் கற்பிக்கலாம். படித்துறைகளில் பழைய வெள்ளத்தின் உயரங்களைப் பொறிக்கும்போது, அந்த உயரத்தை நீர் எட்டுவதற்கு ஓராண்டில் உள்ள வாய்ப்பையும் சேர்த்துப் பொறிக்கலாம். வெள்ள எச்சரிக்கையிலும் நீர் திறப்பு அறிவிப்பிலும் அந்த எண்ணை இடம்பெறச் செய்யலாம். இவை பெரும் பொருட்செலவைக் கேட்பவை அல்ல. கேட்பவர்கள் எண்ணைப் புரிந்துகொள்வார்கள் என்ற மதிப்பை மட்டுமே கேட்பவை. நாற்றைப் பிரித்து விட்ட குத்தகை உழவருக்கு அந்த எண் கிடைத்திருந்தால், எவ்வளவைப் பிரிப்பது என்பதையும் அவர் இன்னும் செம்மையாக முடிவு செய்திருப்பார்.